முதலாளியின் குரல்

அம்பத்தூர்
9-6-2025

ரேணுகா,

போன் போட்டால் நீ எடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை திருவேற்காட்டுக்கே வந்து உன் தங்கை வீட்டு வாசலில் நின்றேன். புஷ்பா கம்பிக் கதவைத் திறக்காமலே, "அக்கா குளிச்சிக்கினு கீது மாமா" என்றாள். கீழே போய் ஒரு டீ குடித்துவிட்டு மறுபடி ஏறி வந்து கேட்டேன். அப்போதும் நீ குளித்துக்கொண்டுதான் இருந்தாய். அந்த ஃபிளாட்டில் அவ்வளவு தண்ணீரா வருகிறது? சரி, எழுதியாவது பார்ப்போம் என்று உட்கார்ந்திருக்கிறேன். பில் எழுதிப் பழகின கை இது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்.

கிடங்கு திறப்பன்று நடந்ததுதான் உன் கோபம். என் நிலைமையில் நின்று யோசித்துப் பார். பழைய லேத்து, கம்ப்ரசர் என்று மெஷின் வாங்க வருகிறவர்கள் இருபது வருஷமாக நம் முதலாளியின் குரலைக் கேட்டிருக்கிறார்கள். முகத்தைப் பார்த்ததில்லை. விலையைக் குறைக்கச் சொன்னால் நான் என்ன செய்வேன்? "எனக்கு இன்னாபா, நான் சம்பளத்துக்கு நிக்கிறவன். முதலாளிகிட்ட கேட்டுடலாம்" என்று உனக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைப்பேன். நீ அடுப்படியிலிருந்து அந்தக் கட்டைக் குரலில் "கட்டாது" என்பாய். வந்தவன் சார், சார் என்று கெஞ்சிவிட்டு நான் சொன்ன விலையையே கொடுப்பான். அந்த ஒரு சொல்லில்தான் முத்தாபுதுப்பேட்டையில் வீடு கட்டினோம். பரத்தைப் படிக்கவைத்து ஓசூரில் வேலைக்கு அனுப்பினோம். இல்லை என்று சொல்வாயா?

புதுக் கிடங்கு என்றதும், முதலாளியைப் பார்க்காமல் போகமாட்டோம் என்று அத்தனை பேரும் நின்றுவிட்டார்கள். உன்னைக் கைகாட்டியிருந்தால், இத்தனை வருஷம் எங்களை ஏமாற்றினாயா என்று அங்கேயே என் சட்டையைப் பிடித்திருப்பார்கள். என் பழைய சிநேகிதன் வரதன் வந்திருந்தான். உயரம் இருக்கிறது, மீசை இருக்கிறது, ஃபேக்டரியில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற தோரணை இருக்கிறது. இவர்தான் முதலாளி, தொண்டை கட்டிக்கொண்டது, பேச மாட்டார் என்று சொல்லி நாற்காலியில் உட்காரவைத்தேன். நீ ஜூஸ் தட்டோடு உள்ளே வருகிற நேரம் பார்த்துப் பூந்தமல்லிப் பட்டறை யூசுப் பாய் அவனுக்குச் சால்வை போர்த்துவார் என்று நான் கனவா கண்டேன்? தட்டை அப்படியே ஒரு லேத்தின் மேல் வைத்துவிட்டு ஆட்டோ ஏறிவிட்டாய்.

இப்போது யார் வந்து கேட்டாலும் முதலாளி வெளியூர் என்கிறேன். வியாபாரம் நொண்டுகிறது. வீட்டுக்கு வர மனமில்லை என்றால் கொஞ்ச நாள் அங்கேயே இரு. போனையாவது எடு. திருவேற்காட்டில் சிக்னல் நன்றாகத்தான் இருக்கிறது.

கஜபதி

❖

திருவேற்காடு
14-6-2025

பரத் அப்பாவுக்கு,

நான் குளிக்கவில்லை. கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். நீங்கள் டீ குடித்துவிட்டு வந்தபோதும் அங்கேதான் நின்றேன்.

உங்கள் கடிதத்தில் சிக்னல் எப்படி இருக்கிறது என்று இருக்கிறது. நான் எப்படி இருக்கிறேன் என்று இல்லை.

வியாபாரத்தைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள், நானும் அதைப் பற்றியே எழுதுகிறேன். "கட்டாது" என்று நானாக என்றைக்காவது சொன்னேனா? "ஐயா, ரொம்ப நாளா வர்றவரு" என்று நீங்கள் ஆரம்பித்தால் கொஞ்சம் இறங்க வேண்டும். "ஐயா, தெரிஞ்சவரு, பாத்து செய்ங்க" என்றால் ஒரு ரூபாய் இறங்கக் கூடாது. பரத் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம் நீங்கள் சொல்லிக் கொடுத்த ஏற்பாடு. எதிரில் நிற்கிற மனுஷன், கஜபதி அண்ணன் நமக்காக எப்படி வாதாடுகிறார் என்று உருகிப் போவார். அண்ணன் வாதாடின வாக்கியமே தன் கழுத்துக்குக் கத்தி என்று அவருக்குத் தெரியாது. நல்லவர் என்ற பேர் உங்களுக்கு. கல்நெஞ்சு என்ற பேர் எனக்கு. போகட்டும், அந்தப் பேராவது என்னுடையதாக இருந்தது. அதையும் தூக்கி வரதன் அண்ணனுக்குக் கொடுத்துவிட்டீர்கள், சால்வையோடு.

என் குரலைக் கேட்டதும் பெண் பார்க்க வந்தவர்கள் காபியை வைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறார்கள். நீங்கள் மட்டும் சிரித்தீர்கள். பிடித்துப்போய்ச் சிரிக்கிறீர்கள் என்று நினைத்தேன். தொழிலுக்கு ஆகும் என்று கணக்குப் போட்டுச் சிரித்திருக்கிறீர்கள்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். யூசுப் தம்பியில் தொடங்கி, என்னை சார் என்று கூப்பிட்ட எல்லோரிடமும் அது என் மனைவி என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். அதற்குப் பிறகு வருவதா வேண்டாமா என்று நான் முடிவு செய்கிறேன். அதுவரை போன் கிடையாது. இல்லாத ஒரு ஆளாக நிறையப் பேசிவிட்டேன். கடிதத்தில் யாரும் என்னை சார் என்று நினைக்க முடியாது.

ரேணுகா

❖

அம்பத்தூர்
30-6-2025

ரேணுகா,

நீ கேட்பது நடக்காது. கோபத்தில் சொல்லவில்லை, நிதானமாகத்தான் சொல்கிறேன். பழைய மெஷின் வியாபாரத்தில் நம்பிக்கை ஒன்றுதான் சரக்கு. மெஷின் எத்தனை கை மாறியது, உள்ளே என்ன தேய்ந்தது என்பதெல்லாம் வாங்குகிறவனுக்குத் தெரியாது. கஜபதி சொன்னால் சரி என்று எடுத்துப் போகிறான். முதலாளியே பொய் என்றால், நான் விற்ற பேரிங் பொய்யா, மோட்டார் பொய்யா என்று ஒவ்வொருவனாக வந்து நிற்பான். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் முழுக்கப் பட்டறைக்காரர்கள், டீக்கடைக்கு டீக்கடை பேச்சு ஓடும். உன் பிடிவாதத்துக்குக் கடையை மூட முடியாது.

வரதனையே போனில் பேசவைத்துப் பார்த்தேன். "கட்டாது" என்ற ஒரு சொல்லைச் சொல்லிக் கொடுத்து மூன்று தடவை ஒத்திகையும் பார்த்தேன். திருமுல்லைவாயிலிலிருந்து ஒருவர் டிரில்லிங் மெஷின் கேட்டு வந்தார். ஸ்பீக்கரில் போட்டேன். "ஐயா, தெரிஞ்சவரு, பாத்து செய்ங்க" என்றேன். வரதன் என்ன சொன்னான் தெரியுமா? "பாவம் கஜா, தெரிஞ்சவருன்ற, குடுத்துடேன்." கொடுத்தேன். வேறு என்ன செய்வது? வாங்கினவர் முதலாளியின் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும் என்று விலாசம் கேட்டார்.

இன்னொரு விஷயம். வடபழனி டெப்போ பக்கத்தில் உன்னைப் பார்த்ததாகக் கடைக்கு வந்த ஒருவர் சொன்னார். கையில் பை, கழுத்தில் ஏதோ அட்டை மாட்டியிருந்தாயாம். உன் தங்கை வீட்டில் இருக்கிறாய் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, வடபழனியில் உனக்கு என்ன வேலை? பரத்தைக் கேட்டால், "அம்மாகிட்டயே கேளுங்கப்பா" என்று சிரிக்கிறான். அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை. கடையில் உட்கார்ந்தால் கிடங்குக்குப் போகத் தோன்றுகிறது. கிடங்குக்குப் போனால் அங்கேயும் நிற்க முடியவில்லை.

என்ன வேலை என்று எழுது.

கஜபதி

❖

திருவேற்காடு
12-7-2025

பரத் அப்பாவுக்கு,

ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை, சொல்கிறேன்.

போன மாதம் இங்கே தண்ணீர் லாரிக்காரன் பாதி லோடை இறக்கிவிட்டுக் கிளம்பப் பார்த்தான். வாட்ச்மேன் கத்தினார், செகரட்டரி கத்தினார், அவன் திரும்பவே இல்லை. நான் மூன்றாவது மாடி பால்கனியிலிருந்து "டேய், நில்லு" என்றேன். லாரி நின்றது. கொஞ்ச நேரத்தில் பக்கத்து ஃபிளாட் ஸ்வாதி வந்து கதவைத் தட்டி, "உங்க வீட்ல இப்பப் பேசினது யாரு ஆன்ட்டி?" என்று கேட்டாள். நான்தான் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் வடபழனியில் ஒரு டப்பிங் ஸ்டுடியோவில் வேலை பார்க்கிறாள். வெளிநாட்டுப் படங்களுக்குத் தமிழ் பேசவைக்கிற இடம்.

படத்துக்குத் தமிழில் "இரும்பு அசுரர்கள்" என்று பேர் வைத்திருக்கிறார்கள். வேறு கிரகத்திலிருந்து ராட்சத ரோபோக்கள் பூமிக்கு இறங்கி, இங்கே இருக்கிற இரும்பை எல்லாம் உருவிக்கொண்டு போகப் பார்க்கின்றன. பாலம், ரயில், கப்பல் எதையும் விடுவதில்லை. உங்களுக்குப் பிடிக்கும். அதில் ஸெல்கா என்று ஒரு பெண் ரோபோ தளபதி. இந்த ஃபிளாட்டை விட உயரம். அதற்குப் பேசிப் பார்க்க வந்த பெண்களெல்லாம் மிரட்டினால் கோபித்துக்கொண்டதுபோல் இருந்ததாம். ஆண் குரலைப் போட்டால் பொருந்தவில்லை. என்னை நிறுத்திப் பேசச் சொன்னார்கள். ஒரு வரி முடிப்பதற்குள் போதும் என்றார்கள். சரியில்லை போலிருக்கிறது என்று பையை எடுத்தேன். "எங்கம்மா கிளம்பிட்டீங்க?" என்று டப்பிங் இயக்குநர் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓடி வந்தார்.

மனுஷ முகத்துக்குப் பேசுகிறவர்கள் உதட்டைப் பார்த்துப் பேச வேண்டும், அதுதான் கஷ்டமாம். ஸெல்காவுக்கு உதடு கிடையாது, இரண்டு தகடு. திறந்தால் ஆரம்பிக்க வேண்டும், மூடினால் நிறுத்த வேண்டும். ஒரு இடத்தில் ஊர்ப் பெரியவர்கள் வந்து, கொஞ்சம் அவகாசம் கொடு, பேசிக்கொள்வோம் என்று கெஞ்சுகிறார்கள். "பேச்சுவார்த்தைக்கு இடமில்லை, மானிடர்களே" என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். தகடு அவ்வளவு நேரம் திறக்கவில்லை. இரண்டு தடவை முயன்று பார்த்தேன், மூன்றாவது தடவை பழக்கத்தில் "கட்டாது" என்று வந்துவிட்டது. உள்ளே எல்லோரும் சிரித்த சிரிப்பு எனக்கு ஹெட்போனில் கேட்டது. மாற்றவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஸெல்கா தானாக எதுவும் சொல்வதில்லை. வானத்தில் ஒரு கப்பல் நிற்கிறது. அது சொல்வதைத்தான் இவள் கீழே நின்று சொல்கிறாள். ஊரெல்லாம் இவளைப் பார்த்துத்தான் நடுங்குகிறது. அதை எப்படிப் பேச வேண்டும் என்று இயக்குநர் விளக்க வந்தார். "தெரியும் தம்பி" என்றேன்.

ஆகஸ்டில் படம் வருகிறது. நீங்கள் பார்க்க வேண்டும் என்று எழுதவில்லை. என்ன வேலை என்று கேட்டீர்கள், சொல்லிவிட்டேன்.

ரேணுகா

❖

அம்பத்தூர்
25-8-2025

ரேணுகா,

பார்த்துவிட்டேன். இரண்டு தடவை.

முதல் தடவை நானாகப் போகவில்லை. யூசுப் பாய் இழுத்துக்கொண்டு போனார். "அண்ணே, பசங்க உசுர எடுக்குறானுங்க, ரோபோ படம் பாக்கணுமாம். நீயும் வா, ஊட்ல தனியா இன்னா பண்ற?" என்று ஆவடிக்கு வண்டியில் ஏற்றிவிட்டார். வேண்டாம் என்று சொல்லக் காரணம் கிடைக்கவில்லை.

தியேட்டர் நிறையக் கூட்டம். ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் பசங்க பாதி, ஃபிளாட்டுக்காரக் குடும்பங்கள் மீதி. முதல் அரை மணி நேரம் ஒரே உடைப்பு. நல்ல நல்ல கிரேனையெல்லாம் பிய்த்து எறிகிறார்கள், எடைக்குப் போட்டாலும் எத்தனை லோடு தேறும் என்று மனசு ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் கடலிலிருந்து ஸெல்கா எழுந்தாள். கெஞ்ச வந்தவர்களை ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தாள். தகடு திறந்தது.

"கட்டாது."

தரை அதிர்ந்தது, ரேணுகா. நம் அடுப்படியிலிருந்து வந்த அதே சொல். விசிலில் அடுத்த வசனம் யாருக்கும் கேட்கவில்லை. முன் வரிசையில் ஒருவன், "இன்னா வாய்ஸு மச்சான், சும்மா கிழிக்குது!" என்று எழுந்து நின்று கத்தினான். அது என் பெண்டாட்டிடா என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் யூசுப் பாய் என் தொடையைப் பிடித்தார். "அண்ணே! உங்க முதலாளிண்ணே இது!"

வந்த வார்த்தையை முழுங்கினேன். "அவருக்கு சினிமா பழக்கம் கொஞ்சம் உண்டு பாய், மெஷினு வெச்சி பொம்பள குரல் மாதிரி மாத்திடுவாங்க போல" என்றேன். எங்கிருந்துதான் எனக்கு இப்படி வருகிறதோ. படம் முடிந்து பேர் போட ஆரம்பித்ததும், பார்க்கிங்கில் வண்டி மாட்டிக்கொள்ளும் என்று அவரையும் பசங்களையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டுத் தனியாகப் போனேன். இந்தத் தடவை பேர் எல்லாம் ஓடி முடிகிற வரை உட்கார்ந்திருந்தேன். பெருக்க வந்த அம்மா காலைத் தூக்கச் சொன்னாள். கடைசியில் தமிழ்க் குரல்கள் என்று வந்தது. ஸெல்கா: ரேணுகா கஜபதி.

ஏன் என் பேரைச் சேர்த்தாய்? எஸ்டேட்டில் பாதிப் பேர் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டார்கள். பட்டறையில் விலை பேசும்போதுகூடக் குரலைக் கட்டையாக்கி "கட்டாது" என்று விளையாடுகிறார்கள். எவனாவது ஒருவன் கடைசி வரை உட்கார்ந்தால் என் கதை முடிந்தது. அந்த ஸ்வாதியிடம் சொல்லிப் பேரை எடுக்கச் சொல்ல முடியுமா? உன் பேர் இருக்கட்டும். என் பேரை மட்டும்.

நீ நன்றாகப் பேசியிருக்கிறாய். இரண்டாம் பாதியில், கப்பல் சொல்வதைச் சொல்லமாட்டேன் என்று அவள் நிற்கிற இடத்தில் நான் தண்ணீர் குடிக்க வெளியே போய்விட்டேன். இரண்டு தடவையும்.

கஜபதி

❖

திருவேற்காடு
29-8-2025

பரத் அப்பாவுக்கு,

பேர் என்ன போடுவது என்று கேட்டார்கள், வாயில் வந்ததைச் சொன்னேன். கடை லைசென்ஸில் உங்கள் பேர் மட்டும்தான் இருக்கிறது. வீட்டு வாசலிலும் அப்படித்தான். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு இடத்தில் எழுதப்பட்டது இதுதான் முதல் தடவை என்று தியேட்டரில் பார்த்தபோதுதான் தோன்றியது. புஷ்பா போட்டோ எடுத்து வைத்திருக்கிறாள். அதிலிருந்து உங்கள் பாதியை எடுக்கச் சொல்கிறீர்கள்.

எடுக்க முடியாதாம், கேட்டுப் பார்த்தேன். கேட்கும்போது ஸ்வாதி என் முகத்தைப் பார்க்கவில்லை.

வாய் வரைக்கும் வந்ததை முழுங்கினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். முழுங்கினதற்குப் பதில் சொல்லியிருந்தால் இந்நேரம் முத்தாபுதுப்பேட்டையில் உங்களுக்கு ரசம் வைத்துக்கொண்டிருப்பேன்.

மும்பையில் வேறொரு படத்துக்குப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆயுத பூஜை முடிந்ததும் கிளம்ப வேண்டும். பிடித்துப்போனால் அங்கேயே தொடர்ந்து வேலை இருக்கிறது என்கிறார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். இனி எழுத வேண்டாம். எழுதுவதற்கு நமக்குள் புதிதாக ஒன்றும் இல்லை.

ரேணுகா

❖

அம்பத்தூர்
15-9-2025

ரேணுகா,

எழுத வேண்டாம் என்றாய். புதிதாக ஒன்று நடந்திருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

முந்தாநாள் யூசுப் பாய் வந்தார். எப்போதும் கேட்டிலேயே சத்தம் கொடுக்கிறவர், பேசாமல் உள்ளே வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பசங்களோடு மறுபடி படத்துக்குப் போய், பேர் போட்டு முடிகிற வரை உட்கார்ந்திருக்கிறார்.

"அண்ணே, உங்க ஊட்டுக்காரம்மா பேரு இன்னா?"

"ஏன் பாய்?"

"சொல்லுண்ணே."

"ரேணுகா."

கண்ணை மூடிக்கொண்டார். நான் டீ சொன்னேன். டீ வந்தது. அவர் தொடவில்லை.

"வெள்ளத்துல என் பட்டறை மூழ்கிச்சே, ஞாபகம் கீதா? மோட்டாரு, கம்ப்ரசரு, எல்லாம் சேறு. உங்கிட்ட வந்து நின்னேன். அழுதேன்ணே, பசங்க முன்னாடிகூட நான் அழுததில்ல. நீ எனக்காக எப்டிப் பேசின! 'ஐயா, தெரிஞ்சவரு, பாத்து செய்ங்க'ன்னு. அதுக்கப்புறமும் அந்த ஆளு கட்டாதுன்னான். சரி, பணக்கார மனுசன், கஷ்டம் தெரியாதவன்னு நெனச்சிக்கினேன். அது அண்ணியா? வாயே தொறக்காம எத்தினி வாட்டி ஊட்ல சோறு போட்ருக்காங்க எனக்கு. ஒரு பொம்பளைக்கு அவ்ளோ கல்லு மனசாண்ணே?"

ரேணுகா, மறைக்காமல் சொல்கிறேன். அந்த இடத்தில் நான் தலையை மட்டும் ஆட்டியிருந்தால் போதும். அவர் கோபம் முழுக்கத் திருவேற்காட்டுக்குப் போயிருக்கும். நான் பாவம், பெண்டாட்டிக்குப் பயந்தவன் என்று இன்னும் கொஞ்சம் நல்ல பேர்கூடக் கிடைத்திருக்கும். அந்தக் கணக்கு எனக்கு ஒரு நொடியில் ஓடி முடிந்தது. கணக்கு சரியாகத்தான் வந்தது. தலைதான் ஆடவில்லை.

"பாய், அவளுக்கும் அந்த விலைக்கும் சம்பந்தம் இல்ல. 'தெரிஞ்சவரு'ன்னு நான் சொன்னா குறைக்காதேன்னு அர்த்தம். நானே வெச்ச ஏற்பாடு. உன்ன பாத்துக்கினேதான் சொன்னேன். அன்னைக்கு சாயங்காலம் நான் ஊட்டுக்குப் போனா, அவ சோறு துன்னாம உக்காந்துகினு இருந்தா. 'அந்தத் தம்பிக்குக் குடுத்திருக்கலாம்'னு சொன்னா. நான்தான் வாய மூடச் சொன்னேன்."

திட்டுவார், அடிப்பார் என்று நினைத்தேன். "அப்ப நீ வாதாடினதே எனக்கு வெச்ச ஆப்பா?" என்று மட்டும் கேட்டார். எழுந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போன் எடுப்பதில்லை. டீக்கு நான் காசு கொடுத்தேன்.

அவர் போனதும் என்னால் உட்கார முடியவில்லை. கிடங்குக்கும் கடைக்குமாக நடந்தேன். ஒன்று வெளியே வந்துவிட்டது, மீதியும் வரட்டும் என்று திருமுல்லைவாயில்காரருக்குப் போன் போட்டுச் சொன்னேன். பாடிக்காரர்கள் இருவரிடம் சொன்னேன். ஒருவர் சிரித்தார். ஒருவர், அப்படியானால் இரண்டு வருஷம் முன்பு வாங்கின மெஷினைத் திரும்ப எடு என்கிறார். எடுக்கத்தான் போகிறேன். எழுதிவைத்துக்கொண்டு ஒவ்வொருவராகச் சொல்லும் அளவுக்குப் பொறுமை இல்லை, எதிரில் வருகிறவர்களிடம் சொல்கிறேன்.

ஒன்று மட்டும் நீ தப்பாக எழுதியிருந்தாய். உன்னைப் பெண் பார்க்க வந்தபோது எனக்குக் கடையே கிடையாது. அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாப் எதிரில் சாக்கு விரித்து நட்டு போல்ட்டு விற்றுக்கொண்டிருந்தேன். அந்தக் குரலை வைத்துக்கொண்டு கணக்குப் போட என்னிடம் என்ன இருந்தது? பிடித்துத்தான் சிரித்தேன். கணக்கு பிறகுதான் வந்தது.

வா என்று எழுதவில்லை.

கஜபதி

❖

திருவேற்காடு
22-9-2025

பரத் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த மறுநாள் யூசுப் தம்பியும் அவர் மனைவியும் இங்கே வந்தார்கள். மணி அடித்தது, உள்ளேயிருந்து "யாரு?" என்றேன். கதவைத் திறந்தபோது அவர் லிஃப்ட் பக்கம் இரண்டடி தள்ளி நின்றிருந்தார். "பழக்கம் அண்ணி, அந்தக் குரலு கேட்டா கால் தானா பின்னாடி போவுது" என்றார். அவர் மனைவி அவர் முதுகில் ஒன்று போட்டாள்.

உட்காரவைத்தேன். நீங்கள் சொன்னதை எல்லாம் வரி மாறாமல் சொன்னார். நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்ததை நீங்கள் ஞாபகம் வைத்திருப்பீர்கள் என்று நான் நினைத்ததில்லை. அவருக்கு உங்கள் மேல் கோபம் தீரவில்லை. தீர வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. அது அவர் பாடு, உங்கள் பாடு. என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நீங்கள் ஏன் தம்பி கேட்கிறீர்கள் என்றேன். நானும் கேட்டேன். சொன்னது நான் இல்லை என்றாலும் அவர் காதில் விழுந்தது என் குரல்தானே.

இப்போது வியாபாரம். புதுக் கிடங்கில் நீலத் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிற பெரிய லேத்தை அவருக்குக் கொடுத்துவிட்டேன். ஆயுத பூஜைக்கு முன்னால் பட்டறைக்கு வர வேண்டுமாம், வேலை செய்கிற பசங்க அதற்குப் பொட்டு வைக்க ஆசைப்படுகிறார்களாம். நானே ஒரு விலை சொன்னேன். நீங்கள் வாங்கின விலைக்கு மேல். நீங்கள் மனசில் வைத்திருந்த விலைக்குக் கீழ். அவர் பேரம் பேசவில்லை. பேசியிருந்தால் இறங்கியிருக்கமாட்டேன், அதையும் தெரிந்துகொள்ளுங்கள். யாரையும் கேட்காமல் ஒரு விலை சொன்னது இதுதான் முதல் தடவை. ஆளை அனுப்புவார், ஏற்றிவிடுங்கள். குறுக்கே பேச வேண்டாம்.

மும்பைக்கு ஐந்தாம் தேதி கிளம்புகிறேன். ஒரு படத்துக்கு மட்டும் ஒத்துக்கொண்டிருக்கிறேன், மீதியை வந்து பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறேன். திரும்பி வந்ததும் கடைக்கு வருகிறேன். போனில் இல்லை, நேரில். வரதன் அண்ணன் உட்கார்ந்த அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் குட்டை. முத்தாபுதுப்பேட்டை வீட்டைப் பற்றி இப்போது கேட்காதீர்கள். எனக்கே தெரியவில்லை.

ரேணுகா

❖

அம்பத்தூர்
29-9-2025

ரேணுகா,

லேத்து போய்விட்டது.

கிரேன் ஜெகதீஷ் காலையில் வந்தான். பில் போட விலை கேட்டான். நீ சொன்ன விலையைச் சொன்னேன். பேனாவைக் காதில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான். "இன்னா அண்ணாத்தே, ஒடம்பு கிடம்பு சரியில்லியா? இந்த ரேட்டுக்கு நீயா ஒத்துக்கின?"

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? இன்னும் கொஞ்சம் ஏற்றிக் கேட்டிருக்கலாம், யூசுப் பாய் கொடுத்திருப்பார். நாலு நாளாகவே அந்தத் தார்ப்பாயைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டுதான் இருந்தேன்.

"முதலாளி சொல்லிட்டாங்க. ஏத்து" என்றேன்.

"எந்த முதலாளி?"

"என் ஊட்டுக்காரம்மாடா."

முற்றத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜெகதீஷ் சங்கிலியை மாட்டினான், லேத்து தரையை விட்டு எழும்பியது. நான் வெயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். லாரி கேட்டைத் தாண்டின பிறகும் நின்றேன். யூசுப் பாய் வரவில்லை, ஆளைத்தான் அனுப்பியிருந்தார். வருவார் என்று எதிர்பார்க்கவும் எனக்கு யோக்கியதை இல்லை.

வீட்டைப் பற்றிக் கேட்கக் கூடாது என்றாய், கேட்கவில்லை. மும்பை ரயில் ஆவடி வழியாகத்தான் போகும், நிற்காது. ஐந்தாம் தேதி நான் பிளாட்பாரத்தில் இருப்பேன். எந்தப் பெட்டி, எந்தப் பக்கத்து ஜன்னல் என்று மட்டும் எழுதிப் போடு.

கஜபதி